உள் கம்ப்யூட்டர், வெளிக் கம்ப்யூட்டர், நடுவில் ஒரு வராந்தா

கம்ப்யூட்டர் சர்வீசுக்குப் போகிறவளுக்கு முதலில் கலர் சோடா பாட்டில் வரும், அதைக் குடித்து முடிப்பதற்குள் பழி வரும்.

இந்தத் தொழிலில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் கை வைத்த பிறகு அந்த ஆபீசில் எது கெட்டாலும் நம்மால் கெட்டதுதான். பேன் சுற்றவில்லையா, போன மாதம் மவுஸ் மாற்ற வந்த அந்தப் பிள்ளைதான் என்னமோ பண்ணிவிட்டது. எனக்குக் கூடுதலாக ஒரு கொடுப்பினை. விருதுநகரிலிருந்து வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போய், ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் பெட்டியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதும் ஒருத்தர் வந்து, "மெக்கானிக் எப்ப வருவாரும்மா?" என்று கேட்பார். நான்தான் மெக்கானிக் என்றால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் போய்வந்த ஒரே ஒரு அச்சாபீசின் கதை மட்டும் இங்கே. மற்றதையெல்லாம் சொன்னால் எனக்கே ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

உள்ளே ஒன்று இருக்கு

அது பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற ஆப்செட் பிரஸ். முதலாளிக்கு விஸ்வநத்தம் பக்கம் சொந்தமாகப் பட்டாசு கம்பெனியும் உண்டு. பிரஸ்ஸில் டிசைன் போடுகிறவர் ஆமத்தூர் முத்துமாரி அக்கா. அதே பட்டாசு கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர், சாயங்கால வகுப்பில் டி.டி.பி. படித்து, லேபிள் ஒட்டுகிற இடத்திலிருந்து லேபிள் போடுகிற இடத்துக்கு வந்தவர். அவர் அம்மாவும் தங்கச்சியும் இன்னும் காலையில் கம்பெனி வேனில் போகிறவர்கள்தான். அக்கா அந்த வேனிலிருந்து இறங்கியதை ஆமத்தூரில் ஒரு கல்யாணம் மாதிரி பேசுவார்கள்.

ஒருநாள் வோல்டேஜ் எகிறி அக்காவின் பழைய கம்ப்யூட்டர் புகைந்துவிட்டது, டிஸ்க் மட்டும் பிழைத்தது. முதலாளி புதுசு வாங்கிப் போட்டார். புதுசில் அக்காவின் பழைய டிசைன் சாப்ட்வேர் ஓட மாட்டேன் என்கிறது. பழைய தமிழ் எழுத்துரு, பழைய லேபிள் அத்தனையும் அந்த சாப்ட்வேரில்தான் திறக்கும். புதிய சாப்ட்வேர் வாங்குங்க என்றால் முதலாளி என்னை ஏதோ கொள்ளைக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு வர்ச்சுவல் மிஷின் போட்டேன். அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னல் திறக்கும், அந்த ஜன்னலுக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று முழுசாக ஓடும். அக்கா அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். நான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "புதுசுக்குள்ள உங்க பழைய கம்ப்யூட்டரே இருக்கு அண்ணாச்சி" என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப உள்ள இருக்கிறதை வெளிய எடுத்து இந்த மேஜையில வச்சிரும்மா. இடம் சும்மாதான கெடக்கு."

பென் டிரைவ் பட்ட பாடு

பிரஸ்ஸுக்கு மேனேஜர் தங்கவேல் அண்ணாச்சி. இவர் ஆதியில் பட்டாசு கம்பெனியில் போர்மேன். முழங்கால் வலி வந்து நடக்க முடியாமல் போனதால் முதலாளி பிரஸ்ஸில் உட்கார வைத்தார். நல்ல மனுஷர், ஒரு பைசா தப்பாது, ஒரு நிமிஷம் பிந்த மாட்டார். ஆனால் பட்டாசு கம்பெனியின் சட்டதிட்டம் எல்லாவற்றையும் பிரஸ்ஸுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தால் போச்சு, அன்றைக்கு அவர் பாடு அதோகதி.

வர்ச்சுவல் மிஷின் போட்ட மறுநாளே அவரிடமிருந்து போன். பென் டிரைவ் செருகினால் உள்ளே தெரியவில்லையாம். வெயிலில் அடித்துப்பிடித்துப் போனேன். மனுஷர் பெட்டியில் இருக்கிற ஓட்டை எல்லாவற்றிலும் செருகிப் பார்த்திருக்கிறார். பென் டிரைவின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "அண்ணாச்சி, பென் டிரைவைப் பார்க்கிறது வெளிக் கம்ப்யூட்டர். உள்ள இருக்கிறது பழசு, அதுக்குப் பென் டிரைவ்னாலே என்னன்னு தெரியாது" என்று பொறுமையாகத்தான் சொன்னேன். என் பொறுமைக்குக் கிடைத்த பதில்:

"ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ள குடியிருக்காக. வெளிய இருக்கிறவரு ஒரு சத்தம் குடுத்து உள்ள சொல்ல மாட்டாரா?"

வராந்தா

அவர் கேட்டது ஒரு வகையில் நியாயம்தான். சத்தம் கொடுக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் ஷேர்டு போல்டர் என்று ஒன்று இருக்கிறது. வெளிக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைக் காட்டி, இது இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லிவிட்டால், உள்ளே அது இசட் டிரைவ் என்று தெரியும். வெளியிலிருந்து போட்டால் உள்ளே எடுக்கலாம். உள்ளே இருந்து போட்டால் வெளியே எடுக்கலாம். இதை அமைத்துக் கொடுத்துவிட்டு, அக்காவையும் தங்கவேல் அண்ணாச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினேன். அக்காவுக்கு ஒரு தடவையில் புரிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை தொண்டை கட்டிவிட்டது.

அப்போது அவரே துள்ளி எழுந்தார். "இரு தாயி, இரு. உள்ள இருக்கிறது மருந்து ரூம். வெளிய இருக்கிறது பேக்கிங் ரூம். மருந்து ரூம் ஆளு பேக்கிங் ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது, பேக்கிங் ஆளு அங்க போகக் கூடாது. நடுவுல வராந்தா. சரக்கை வராந்தாவுல வச்சா இவரு எடுத்துக்கிடுவாரு. சரிதானா?" என்றார். பட்டாசு கம்பெனியில் மருந்து என்றால் வெடிமருந்து. ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள், ஒன்று பிடித்தால் அடுத்ததுக்குப் போகக் கூடாது. நானும் களைத்துப் போய், "ஆமா அண்ணாச்சி, அதேதான்" என்றேன். மனுஷருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இன்னொரு கலர் வரவழைத்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டு நேரம் இதைச் சொல்ல வேண்டியதுதான? இனி அந்த வராந்தா என் பொறுப்பு, நீ நிம்மதியா வீட்டுக்குப் போ."

தனி கரண்டு

அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை மறந்தவர்கள் யாராவது உண்டா? சொல்லிக் கொண்டும் போகும், சொல்லாமலும் போகும். பிரஸ்ஸில் இருந்த யு.பி.எஸ். பேட்டரி செத்து வெகுகாலம். மாற்றுங்க, மாற்றுங்க என்று நான் கத்தியதெல்லாம் கட்டிங் மிஷின் சத்தத்தில் போய்விட்டது. ஒருநாள் மத்தியானம் கரண்ட் பட்டென்று போனதில் உள்ளே இருந்த பழைய கம்ப்யூட்டர் குலைந்துபோய், மறுபடி எழுந்திருக்கவே இல்லை. முதலாளி என்னைப் போனில் வாங்கிய வாங்கு இருக்கிறதே! பேட்டரி வாங்காத மனுஷர் என்னை வாங்குகிறார்.

நல்லவேளை, ஒரு நகல் வைத்திருந்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக ஒரு ஏற்பாடும் செய்தேன். உள்ளே நடப்பது எதுவும் உள்ளே தங்காது. சாயங்காலம் மூடினால், காலையில் உள் கம்ப்யூட்டர் புத்தம் புதுசாக எழுந்திருக்கும், பழுது படவே படாது. "அதனால அக்கா, முடிஞ்ச வேலையோ முடியாத வேலையோ, எல்லாத்தையும் வராந்தாவுல, அதான் இசட் டிரைவ்ல போட்டுட்டுப் போயிருங்க" என்றேன். முடிந்த டிசைனுக்குப் பெயரோடு ஓகே என்று சேர்த்துவிடுவதாக அக்கா சொன்னார். அஞ்சு மணிக்கு ஆமத்தூர் போகிற பிரஸ் வேன் ஹாரன் அடித்ததும் அக்கா ஓட வேண்டும். அதன்பிறகு தங்கவேல் அண்ணாச்சி அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஓகே போட்டதை மட்டும் சி.டி.யில் ஏற்றி பிலிம் எடுக்கிற இடத்துக்குக் கொடுத்தனுப்புவார். இவ்வளவும் ஒழுங்காகப் பேசி முடித்துக் கிளம்பும்போது, எல்லாம் புரிந்துகொண்ட என் அக்காவே என் தலையில் ஒரு கல்லைப் போட்டார்:

"ஏன் ஸ்டெல்லா, வெளிய கரண்டு போனா உள்ளயும் போகணுமா? உள்ள இருக்கிறதுக்குத் தனியா ஒரு கரண்டு குடுத்துரேன்!"

கிளி பறந்துபோச்சு

ஆடி நெருங்கியது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள். அதோடு தீபாவளி லேபிள் ஆர்டரும் சேர்ந்து பிரஸ் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். அக்கா ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்குக் கிளி வரைந்துகொண்டிருந்தார். றெக்கை றெக்கையாகப் போட வேண்டிய வேலை, ஒரு நாளில் முடியாது. சாயங்காலம் பாதிக் கிளியை இசட் டிரைவில் போட்டுவிட்டுப் போவார், காலையில் வந்து பார்த்தால் கிளி இருக்காது. முதல் தடவை தான்தான் சேமிக்க மறந்துவிட்டோம் என்று நினைத்து வாயைத் திறக்காமல் மறுபடி வரைந்தார். இரண்டாம் தடவையும் போனது. பிறகு ஒரு காலண்டர் பக்கம் போனது. எனக்குப் போன் வந்தது.

நான் போய் டிஸ்க்கைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. வைரஸும் இல்லை. தங்கவேல் அண்ணாச்சியிடம் கேட்டேன். "நான் ஒண்ணையும் தொட மாட்டேன் தாயி. ஓகே போட்டதை சி.டி.யில ஏத்துவேன், அம்புட்டுத்தான்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. என்மேல் பழி விழப்போகிறது என்று தெரிந்து, நான் முதலாளியிடம் முந்திக்கொண்டு, "கம்ப்யூட்டர் தானா எதையும் அழிக்காது அண்ணாச்சி, ஒரு ஆளு அழிச்சாத்தான் அழியும்" என்றேன்.

அந்த வாரம் பார்த்து எதிர்த் தெரு பிரஸ் ஒன்றிலிருந்து கிளி போட்ட லேபிள் ஒன்று வெளிவந்துவிட்டது. அட கடவுளே, சிவகாசியில் கிளி போடாத பிரஸ் எது? கிளி, மயில், ரோஜாப்பூ, கன்னத்தில் குழி விழுகிற குழந்தை, இந்த நாலும் இல்லாமல் எவன் மத்தாப்பு விற்றிருக்கிறான்? ஆனால் முதலாளி முடிவு கட்டிவிட்டார். முத்துமாரி டிசைனை எதிர்ப் பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு இங்கே அழித்துவிடுகிறாள் என்று. சாயங்காலம் வேன் நிற்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் அக்காவின் கைப்பையை மேஜையில் கவிழ்க்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, குடை, மாத்திரை அட்டை, ஒரு சீப்பு. வேறொன்றும் இல்லை. மறுநாளே, இனி டிசைன் வேண்டாம், விஸ்வநத்தம் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போ, இஷ்டமில்லையென்றால் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார். நான் கேள்விப்பட்டு வயிறு எரிந்து நேரே போய்ச் சண்டை போட்டேன். அந்த மனுஷர் அசரவில்லை:

"நீதானம்மா சொன்ன, கம்ப்யூட்டர் தானா அழிக்காது, ஆளு அழிச்சாத்தான் அழியும்னு? அந்த நாற்காலியில உக்காருற ஆளு யாரு?"

எலுமிச்சம்பழம்

மதுரையிலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார்கள். அக்கா சேமித்த மாதிரியே அவரும் சேமித்தார், அக்காவுக்குப் போன மாதிரியே அவருக்கும் போனது. இதற்குப் பிறகாவது மனுஷனுக்குப் புத்தி வர வேண்டுமா இல்லையா? முத்துமாரி இல்லாதபோதும் பைல் காணாமல் போகிறது என்றால் முத்துமாரி எடுக்கவில்லை என்று ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். மதுரைக்காரர் இந்தப் பேய் வீட்டில் எனக்கு வேலை வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டார்.

முதலாளி என்னை வரச் சொன்னார். ஐயோ பாவம், உணர்ந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு போனால், மானிட்டர் தலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியைச் சுற்றி விபூதி. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் விபூதி. எங்கப்பா வேதக்கோயில், அதான் சர்ச், பள்ளிக்கூடத்து வாத்தியார், யார் சாமியையும் குறை சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர், அதனால் சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விபூதியை ஊதி எடுக்க வேண்டியது நான்தானே! வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தபோது முதலாளி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவ போயும் போகலம்மா. உள்ள இருக்கே ஒரு கம்ப்யூட்டர், அதுக்குள்ள என்னமோ வச்சுட்டுப் போயிருக்கா."

விஸ்வநத்தம் கேட்

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்கூட்டியை நேரே விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனிக்கு விட்டேன். அக்காவிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று. கேட்டில் வாட்ச்மேன் செல்போனை வாங்கி வைத்தார், சரி. செருப்பைக் கழற்றச் சொன்னார், சரி. கழுத்தில் தொங்கிய பென் டிரைவையும் கழற்று என்றார். கரண்ட் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். இதில் கரண்ட் கிடையாது என்று வாதாடிப் பார்த்துவிட்டு, தீப்பெட்டி, பீடிக்கட்டு கிடந்த தட்டில் அதையும் போட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு அக்கா வந்தார். கையெல்லாம் வெள்ளைப் பொடி, நகக்கண் வரைக்கும். டிசைன் போட்ட விரல்கள் அவை. "அம்மா கூடவே வேன்ல வாறேன்" என்றார். "வேனு ஏறுறது எனக்கு ஒண்ணும் கேவலமில்ல ஸ்டெல்லா. எங்க அம்மா ஏறுன வேனுதான். திருடின்னு சொல்லி ஏத்திவிட்டாரு பாரு, அதான் தூக்கம் வர மாட்டேங்குது." எது எது காணாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிளி, காலண்டர் பக்கம், ஒரு பொம்மைப் படம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஓகே போட்டது ஒன்றுகூடப் போகவில்லை. போனது எல்லாமே முடியாத வேலை. எனக்குப் பொறி தட்டுவதற்குள் அக்கா ஆத்திரத்தோடு கேட்டார்:

"நான் திருடுனா முழுக் கிளியைத் திருட மாட்டேனா? பாதிக் கிளியை வச்சு எவன் மத்தாப்பு விப்பான்?"

அஞ்சு மணி

மறுநாள் மத்தியானமே பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன். ஒரு பாதிப் படத்தை நானே வரைந்து இசட் டிரைவில் போட்டேன். என்ன படம் என்று கேட்காதீர்கள், ஆடு என்று நான் நினைத்தேன். பிரிண்டரைப் பழுது பார்க்கிற சாக்கில் பக்கத்து மூலையில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அஞ்சு மணிக்கு ஹாரன் அடித்தது, எல்லோரும் போனார்கள். தங்கவேல் அண்ணாச்சி வந்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், பழைய பழக்கம். சி.டி. போட்டு, ஓகே போட்டதை ஏற்றி, எடுத்து உறையில் வைத்தார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகு வெளிக் கம்ப்யூட்டரில் அந்தப் பொது போல்டரைத் திறந்து, மிச்சம் இருந்தது எல்லாவற்றையும் வளைத்து, அழித்தார். அது போதாதென்று ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். ஒரு துணியை எடுத்து கீபோர்டைத் துடைத்தார். என் ஆடு போயே போச்சு.

நான் கத்திய கத்தலில் மனுஷர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். "என்ன காரியம் பண்றீங்க அண்ணாச்சி! அக்கா வேலை போனது இதாலதானே! ஒண்ணையும் தொட மாட்டேன்னு சொன்னீங்களே!" என்றேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. சுத்தம் செய்வதைத் தொடுவது என்று அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் நினைத்தது, அக்காவின் சரக்கு அக்காவின் ரூமுக்குள் பத்திரமாக இருக்கிறது, வராந்தாவில் கிடப்பது மிச்சம் மீதி என்று. வராந்தா இரண்டு பக்கமும் ஒன்றுதான், இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் இருக்காது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் தம்பியும் அந்தக் காலத்தில் இன்னொரு கம்பெனியில் போர்மேனாக இருந்தவராம். முழுக் கோபத்தோடு வந்தவள், பாதிக் கோபத்தோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"கலந்தும் கலக்காம மிச்சம் கெடந்த மருந்துதான் தாயி என் தம்பியைக் கொண்டுபோச்சு. பாதி வேலையை ராத்திரி ரூமுல விடக் கூடாது, நான் இன்னிக்கு வரைக்கும் விட்டதில்ல."

மிஷின்

அழிந்ததை மீட்கிற ஒரு சாப்ட்வேரைப் போட்டு, கிடைத்ததையெல்லாம் வாரி எடுத்தேன். காலண்டர் பக்கம் முழுசாக வந்தது. கிளி வால் இல்லாமல் வந்தது. தங்கவேல் அண்ணாச்சி முதலாளி முன்னால் போய் நின்று, "நான்தான் அழிச்சேன், அந்தப் பிள்ள இல்ல" என்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முதலாளி என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். அவர் செய்தது, கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, தெரியாம நடந்துபோச்சு. ஆடிப்பெருக்கு வருது. நாளைக்கு அவளை இங்கன வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்! ஒரு மனுஷியைத் திருடி என்று ஊர் அறியச் சொல்லிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி, போய் எடுத்துவா என்கிறார்.

நான் ஆமத்தூரில் வண்டியை நிறுத்தி அக்காவிடம் சொன்னேன். அக்கா குதிக்கவில்லை. "பையைக் கவுத்தது எல்லாரு முன்னாலயும். அது நான் இல்லைங்கிறதையும் எல்லாரு முன்னாலயும் அவரே சொல்லட்டும். வாறேன்" என்றார். சொல்லாவிட்டால் பேக்கிங்கிலேயே இருந்துகொள்வாராம். முதலாளி முதலில் எகிறினார், வேலைக்காரி எனக்கு ஆர்டர் போடுகிறாளா என்று. ஆனால் பாதிக் கிளியை வேறு எவரும் முடிக்க முடியவில்லை. மத்தாப்புக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் சரி என்றார்.

அன்றைக்குக் காலையில் நானும் இருந்தேன், பார்க்காமல் விடுவேனா? அக்கா கைப்பையோடு வந்து, அன்று பையைக் கவிழ்த்த அதே மேஜை அருகே நின்றார். அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். பிரஸ் ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். முதலாளி சாமர்த்தியக்காரர். ஆப்செட் மிஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். பக்கத்தில் இருக்கிறவர் பேசினாலே காதில் விழாது. மிஷின் பக்கம் நின்றுகொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி வாயை அசைத்தார். என்ன சொன்னார் என்று அந்த மிஷினுக்கே தெரிந்திருக்காது. சொல்லிவிட்டேன் என்கிற மாதிரி கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நேரே மிஷினுக்குப் போய் சிவப்பு பட்டனை அமுக்கினார். ஓடுகிற லோடு பாதியில் நின்றது. மிஷின்மேன் முதலாளியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தங்கவேல் அண்ணாச்சி தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதியில் நின்ற வேலையை அப்படியே விட்டார். அக்கா சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்:

"இப்பச் சொல்லுங்க முதலாளி. எல்லாருக்கும் கேக்கும்."

ஒரே பெட்டிக்குள் இருந்த இரண்டு கம்ப்யூட்டரைப் பேச வைக்க எனக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது, ஒரே கூரைக்குக் கீழே இருந்த முதலாளி "முத்துமாரி மேல தப்பில்ல" என்று மூன்று வார்த்தை சொல்லத்தான் ஓடுகிற ஆப்செட் மிஷினையே நிறுத்த வேண்டியிருந்தது.